பெருக்கினால் போகாத தூள்: வீட்டில் மரப்பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கு,

அடுத்த மிஷின் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். கார் ஷெட்டிலும் மொட்டைமாடித் தகரக் கொட்டகையிலும் அடுக்ககத்துப் பால்கனியிலும் ஞாயிறுதோறும் மரம் அறுக்கிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன். வாரம் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு, விடுமுறை நாளில் ரூட்டரைக் கையில் எடுக்கிறவர்கள் நீங்கள். உங்களில் சிலரின் பட்டறையில் டேபிள் சா இருக்கிறது, பிளேனர் வரப்போகிறது, சுவர் நிறைய கிளாம்ப் தொங்குகிறது. தூளுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால் மட்டும் மூலையில் சாய்ந்து நிற்கும் விளக்குமாற்றைக் காட்டுகிறீர்கள்.

விளக்குமாறு அள்ளுகிற தூளால் பெரிய கெடுதல் இல்லை. தரையில் குவிந்த சுருளும் சீவலும் அங்கேயே கிடக்கும், மூட்டை கட்டித் தூக்கிப் போட்டுவிடலாம். கவலைப்பட வேண்டியது காற்றில் மிதக்கிற தூளைப் பற்றி. சுமார் 50 மைக்ரானுக்குக் கீழே போனால் தனித் துகளாக அது நம் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பெரிய துகள்கள் மூக்கிலேயே தங்கிவிடும். 10 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை தொண்டையைத் தாண்டும், அதிலும் சிறியவை நுரையீரலின் கடைசிக் கிளை வரை போய்ச் சேரும். அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வரப் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 1 மைக்ரான் துகளுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். நம் ஊரில் காற்று எங்கே அசையாமல் இருக்கிறது? வேர்க்கிறது என்று தலைக்கு மேலே சீலிங் ஃபேனைப் போட்டுவிடுகிறோம். கீழே இறங்கப் பார்க்கிற தூளை அது திரும்பத் திரும்ப மேலே கிளப்பிவிடுகிறது. காலையில் அறுத்த மரத்தின் தூளை மாலையில் காபி குடித்துக்கொண்டே சுவாசிக்கிறோம்.

இது எவ்வளவு தீவிரமான விஷயம் என்று முதலில் சொன்னது ஒரு நாற்காலி ஊர். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஓர் ஊர் உண்டு. பக்கத்துக் குன்றுகளின் பீச் மரத்தை வைத்து நாற்காலி செய்தே பேர் வாங்கிய ஊர். அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹேட்ஃபீல்டு, மூக்கின் உட்புற அறைகளில் வரும் மிக அரிதான ஒருவகைப் புற்றுநோய் தன்னிடம் வருகிறவர்களிடம் மறுபடி மறுபடி தென்படுவதைக் கவனித்தார். அவர்களில் பெரும்பாலோர் மரச்சாமான் பட்டறைகளில் வேலை செய்தவர்கள். நோய்ப்பரவலியல் ஆய்வாளர் டொனால்டு அச்சிசனும் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மருத்துவர்களும் அவரோடு சேர்ந்துகொண்டு நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினார்கள். 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்த ஆய்வு வெளியானது. நோய் வந்தவர்கள் மரத்துக்கு மெருகு போட்டவர்கள் அல்லர், மரத்தை அறுத்து இழைத்துத் தேய்த்தவர்கள். அதனால் சந்தேகம் வார்னிஷிலிருந்து தூளுக்கு நகர்ந்தது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை முதல் பிரிவில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று ஐயமின்றித் தெரிந்த பொருள்களுக்கான பிரிவு அது.

பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஹை விக்கம் தொழிலாளர்கள் பல ஆண்டுகள், நாள் முழுக்க அந்தக் காற்றில் நின்றவர்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள். ஆனால் அவர்களுடையது பெரிய கூடம், உங்களுடையது பத்துக்குப் பன்னிரண்டு அறை. கடினமரத் தூளுக்குப் பிரிட்டன் விதித்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 3 மில்லிகிராம். பத்து அடி உயரமுள்ள உங்கள் அறையில் சுமார் 34 கன மீட்டர் காற்று இருக்கும். கணக்குப் போட்டால் 100 மில்லிகிராம் தூள், அதாவது ஒரு சிட்டிகை, காற்றில் மிதந்தாலே அந்த அளவை எட்டிவிடும். ஒரு பலகையைச் சாண்டரால் தேய்த்தால் எத்தனை சிட்டிகை எழும்பும் என்று உங்களுக்கே தெரியும்.

புற்றுநோயை விடுங்கள். ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் அத்தனை ஆண்டுகள் தேவையில்லை. வட அமெரிக்காவின் சிவப்பு சிடார் தூளால் வரும் ஆஸ்துமா மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அந்த மரத்திலுள்ள பிளிகாட்டிக் அமிலம்தான் காரணம். நம் தேக்கிலும் ஈட்டியிலும் தோலை உறுத்தும் குயினோன் வகைப் பொருள்கள் இருக்கின்றன. தேக்கு இழைத்த அன்று இரவு முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் அரிப்பு எடுத்தால் கொசு என்று நினைக்காதீர்கள். எம்.டி.எஃப். பலகை அறுப்பவர்களுக்கு மரநாரோடு ஃபார்மால்டிஹைடு பசையும் சேர்ந்து வருகிறது. அதன் தூள் மாவு போல மெல்லியது. என்னைக் கேட்டால் எம்.டி.எஃப்.ஐ வீட்டுக்குள் அறுக்கவே கூடாது, கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

சரி, என்ன வாங்குவது? அதற்கு முன்னால் உங்களிடம் என்னென்ன கருவி இருக்கிறது என்று பாருங்கள். ஏனென்றால் சந்தையில் தூள் உறிஞ்சும் மிஷின் இரண்டு ஜாதி. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது.

வெட் அண்ட் டிரை வேக்குவம் கிளீனர் முதல் வகை. அதன் பலம் இழுப்பு. ஒரு குழாயில் தண்ணீரை எண்பது அங்குலம் மேலே தூக்குகிற அளவுக்கு அழுத்தம் காட்டும். ஆனால் நிமிடத்துக்கு நூறு, நூற்றைம்பது கன அடிக் காற்றைத்தான் நகர்த்தும். மெல்லிய ஹோஸ், சிறிய வாய் உள்ள கைக்கருவிகளுக்கு அது பொருத்தம். ஆர்பிட்டல் சாண்டர், ஜிக் சா, டிரிம்மர், ட்ராக் சா எல்லாம் இந்தக் கணக்கில் வரும். டஸ்ட் கலெக்டர் இரண்டாம் வகை. மோட்டாரில் ஒரு பெரிய விசிறி, மேலே ஒரு பை, கீழே ஒரு பை. தண்ணீரைப் பத்து அங்குலம் தூக்கினால் அதிகம், ஆனால் காற்றைப் பல நூறு கன அடிக் கணக்கில் அள்ளும். திக்னஸ் பிளேனர், டேபிள் சா, பேண்ட் சா போன்ற நின்ற இடத்தில் நிற்கும் மிஷின்களுக்கு அது வேண்டும். மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? பிளேனரை வேக்குவத்தில் மாட்டினால் சற்று நேரத்திலேயே ஹோஸ் சுருளால் அடைத்துக்கொள்ளும். சாண்டரை டஸ்ட் கலெக்டரில் மாட்டினால் அந்தச் சின்ன வாய் வழியாகக் காற்றே வராது.

இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களில் பெரும்பாலானோருக்கு டஸ்ட் கலெக்டர் தேவையில்லை. கைக்கருவிகளோடு வேலை செய்கிறவருக்கு ஒரு நல்ல வேக்குவம், அதன் முன்னால் ஒரு சைக்ளோன் வாளி, முகத்தில் ஒரு என்95 மாஸ்க், எதிரும் புதிருமாகத் திறந்த ஒரு கதவும் ஜன்னலும் போதும். வேக்குவம் வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல் வடிகட்டியைப் பாருங்கள். ஐரோப்பியத் தர முத்திரையில் எல், எம், எச் என்று மூன்று வகுப்புகள் உண்டு. எல் வகுப்பு நூற்றில் ஒரு பங்கு தூள் வரை வெளியே விடலாம், எம் வகுப்பு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் விடலாம். மரத்தூளுக்கு எம். அது பட்ஜெட்டில் வராவிட்டால் சாதாரண வேக்குவத்துக்கே ஹெப்பா ஃபில்டரும் உள்ளே போடும் பையும் கிடைக்கிறதா என்று கடையில் கேளுங்கள். பை இல்லாத வேக்குவத்தைக் காலி செய்கிற அந்த ஒரு நிமிடத்தில் இழுத்து வைத்த தூளில் கணிசமான பங்கைத் திரும்ப முகத்தில் வாங்கிக்கொள்வோம்.

சைக்ளோன் வாளி என்றது கூம்பு வடிவப் பிளாஸ்டிக் ஒன்றை மூடியுள்ள பெயின்ட் வாளியின்மேல் பொருத்துவது. காற்று உள்ளே சுழலும்போது கனமான தூள் சுவரில் மோதி வாளிக்குள் விழுந்துவிடும், நுண்தூள் மட்டும் வேக்குவத்துக்குப் போகும். ஃபில்டர் சீக்கிரம் அடையாது, இழுப்பும் குறையாது. மர அறுவை மில் ஒன்றின் கூரைமேல் நின்ற பெரிய சைக்ளோனைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் டைசனுக்குப் பையில்லாத வீட்டு வேக்குவம் செய்யும் யோசனை வந்தது. 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார் என்பார்கள். அறுவை மில்லிலிருந்து வீட்டு ஹாலுக்குப் போன சரக்கு இப்போது வீட்டுப் பட்டறைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

டேபிள் சாவும் பிளேனரும் உண்மையிலேயே வைத்திருப்பவர்களுக்கு இனி.

டஸ்ட் கலெக்டர் பெட்டியில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். எண்ணை, அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடிக் காற்று என்கிற கணக்கை, நம்பாதீர்கள். பெரும்பாலும் அது பைப்பும் பையும் மாட்டாத வெறும் விசிறியின் எண். ஹோஸ், வளைவு, தூள் படிந்த பை எல்லாம் சேர்ந்த பிறகு பாதி கிடைத்தால் சந்தோஷப்படலாம். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து அளவெடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அவர்களுடைய மோட்டார் நிமிடத்துக்கு 3,450 சுற்று சுற்றினால் அதே வகை மோட்டார் இங்கே 2,850 சுற்றுதான் சுற்றும். காற்றின் அளவு சுற்றைப் பொறுத்து நேராகக் குறையும், அழுத்தமோ சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். ஆகவே அதே 12 அங்குல விசிறி இங்கே மூன்றில் இரண்டு பங்கு அழுத்தம்தான் தரும். அதே வேலை நடக்க வேண்டுமானால் விசிறி பதினாலரை அங்குலம் இருக்க வேண்டும், அந்தச் சுமையைத் தாங்கும் மோட்டாரும் வேண்டும். கடைக்காரரிடம் குதிரைத்திறன் கேட்பதோடு விசிறியின் விட்டத்தையும் கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

பைப்பைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் மனதில் இருந்தால் போதும். சீவல் பைப்பில் தங்காமல் ஓட வேண்டுமானால் காற்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 அடி வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் 4 அங்குலப் பைப்பில் 350 கன அடிக் காற்று போகும், 6 அங்குலப் பைப்பில் 785. டேபிள் சாவின் நுண்தூளையும் பிடிக்க 350 போதாது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் 6 அங்குலம் என்கிறார்கள். ஆனால் 1 எச்.பி. மிஷினில் 6 அங்குலப் பைப் மாட்டினால் அதை நிரப்புகிற காற்று வராது, வேகம் விழுந்து சீவல் வழியிலேயே படுத்துவிடும். ஆகவே சின்ன மிஷின் வைத்திருப்பவர்கள் சுவர் முழுக்கப் பைப் ஓட்டுகிற ஆசையை விட்டுவிடுங்கள். டஸ்ட் கலெக்டருக்கு நாலு சக்கரம் போட்டு, எந்த மிஷினில் வேலையோ அதன் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய், நாலடி ஹோஸில் மாட்டுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

பைப் ஓட்டியே தீருவேன் என்பவர்களுக்கு: பிளம்பிங் கடையில் கழிவுநீருக்கு விற்கும் எஸ்.டபிள்யூ.ஆர். பைப் 110, 160 மில்லிமீட்டர் அளவுகளில் கிடைக்கும், அதுவே போதும். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போடுங்கள். கிளை பிரிகிற இடத்தில் டி வேண்டாம், ஒய் போடுங்கள். வரி வரியான ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ் வழவழப்பான பைப்பைவிட மூன்று மடங்கு காற்றைத் தடுக்கும், அதனால் கடைசி இரண்டு மூன்று அடிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுகளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், என்றாவது ஒருநாள் அடைப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டிவரும். முடிந்ததும் பூஜை அறையிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்து வந்து, மிஷினை ஓடவிட்டு மூட்டு மூட்டாகக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபடுகிற இடமெல்லாம் ஓட்டை. பைக்குள் தூள் இல்லாத நேரத்தில் இதைச் செய்யுங்கள், நெருப்புக் கங்கு உள்ளே போய்விட வேண்டாம்.

இவ்வளவு செய்தும் தூள் பறக்கிறதே என்று கேட்பீர்கள். ஊதுவதும் உறிஞ்சுவதும் ஒன்றல்ல. மெழுகுவத்தியை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்தில் நின்று உறிஞ்சி அணைத்துப் பாருங்கள், சுடர் அசையக்கூட அசையாது. உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து அதன் விட்டம் அளவு தள்ளிப் போனாலே காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்குக்கு விழுந்துவிடும். 4 அங்குல வாயை மரத்திலிருந்து ஓரடி தள்ளி வைத்தால் அது வெறும் அலங்காரம். தூளின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 10 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால் அதன் பல் நுனி நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் பறக்கும், மணிக்கு 190 கிலோமீட்டர். பைப்புக்குள் ஓடும் காற்று நொடிக்கு 20 மீட்டர்தான். ஓடுகிற தூளைத் துரத்திப் பிடிக்க முடியாது, அது வந்து விழுகிற வழியில் மடக்க வேண்டும். டேபிள் சாவின் அடிவயிற்றைப் பலகையால் மூடுங்கள், பிளேடுக்கு மேலேயும் ஒரு கவசமும் ஹோஸும் வையுங்கள். மேலே எறிகிற தூள்தான் நேராக உங்கள் முகத்துக்கு வருகிறது, பலரும் கீழே மட்டும் உறிஞ்சிவிட்டுத் திருப்தியடைகிறார்கள். மைட்டர் சாவுக்கு நல்ல வழி யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் எண்ணம். அதை வெளியே தூக்கிக்கொண்டு போய் வெட்டுங்கள்.

மார்பிள் கட்டரில் மரப்பிளேடு மாட்டி பிளைவுட் அறுக்கிற வழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும் அந்தக் கருவிக்குத் தூள் போகும் வாயே கிடையாது. கல்லுக்காகச் செய்தது. விரலுக்கும் ஆபத்து, மூச்சுக்கும் ஆபத்து. தூள்வாய் உள்ள சர்க்குலர் சா ஒன்றுக்கு மாறுங்கள்.

உறிஞ்சிய காற்றை எங்கே விடுவது என்பதில் நமக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது. குளிர்நாடுகளில் பட்டறையைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். காற்றை வெளியே விட்டால் சூடும் போய்விடும் என்பதால் விலையுயர்ந்த ஃபில்டர் போட்டு அதே காற்றை உள்ளே திருப்புகிறார்கள். நமக்கு அந்தக் கவலை எதற்கு? டஸ்ட் கலெக்டரோடு வரும் சாதாரணத் துணிப் பை 30 மைக்ரான் வரைதான் பிடிக்கும், அதற்குக் கீழுள்ளதை அறை முழுக்கத் தூவிவிடும். பக்கத்தில் காலி மனையோ தோட்டமோ உள்ளவர்கள் சைக்ளோனைத் தாண்டிய காற்றை நேரே வெளியே விட்டுவிடலாம். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும், போகிற காற்றுக்கு ஈடாகக் காற்று உள்ளே வர வேண்டும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள். எதிர்வீட்டு அக்கா காயப்போட்ட துணியில் உங்கள் தேக்கு படிந்தால் அசோசியேஷன் கூட்டத்தில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்கு 1 மைக்ரான் கேனிஸ்டர் ஃபில்டர்தான் வழி. எந்த வீடானாலும் தேய்க்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் வைத்தால் காற்று உடம்பைச் சுற்றி முன்னால் சுழன்று தூளை முகத்துக்கே கொண்டுவரும்.

மாஸ்க் பற்றிக் கொரோனா நமக்குப் பாதிப் பாடம் நடத்திவிட்டது. காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற என்95 நன்றாக ஒட்டும். தாடிக்கும் மாஸ்குக்கும் ஆகாது. மூக்கில் கட்டிய துண்டு வேர்வையைத் துடைக்கத்தான் உதவும். மிஷினை நிறுத்திய உடனே மாஸ்கைக் கழற்றாதீர்கள், நுண்தூள் இன்னும் காற்றில் இருக்கிறது. பெருக்கும்போதும் பையை மாற்றும்போதும் அது முகத்தில் இருக்க வேண்டும். சட்டையைப் புளோயரால் ஊதிச் சுத்தம் செய்வதை விட்டுவிடுங்கள்.

ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. இருட்டியதும் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, வேலை நடக்கிற இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பலமான டார்ச்சை வையுங்கள். பல்பால் கண் கூசாதபடி ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு ஒளிக்கற்றையைப் பாருங்கள். பகலில் தெளிவாகத் தெரிந்த காற்று பாலாக நிற்கும். பிரிட்டனின் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளர்களே இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். சாண்டர் மட்டும் வேக்குவத்தோடு ஓடட்டும், கையில் பிடித்திருப்பவர் வேறு ஒருவராக இருக்கட்டும். அறுக்கிற மிஷினை இருட்டில் ஓட்டாதீர்கள். கொஞ்சம் காசு செலவழிக்க முடிந்தால் காற்றிலுள்ள நுண்தூளை அளக்கும் ஒரு பி.எம். 2.5 மீட்டர் வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். அதன் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், தேய்ப்பதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, பழைய நிலைக்கு வர எத்தனை நேரம் என்பதைக் காட்டிவிடும். வெளிக்காற்றுக்கு இந்தியா வைத்திருக்கும் ஒரு நாள் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உங்கள் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று நீங்களே பாருங்கள்.

மின்சாரமும் நெருப்பும் சுருக்கமாக. சாவும் வேக்குவமும் ஒரே பிளக்கில் ஓடினால் எம்.சி.பி. விழும். இரண்டுக்கும் தனித்தனி 16 ஆம்ப் லைன் இழுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பைப்பில் நிலைமின்சாரம் சேர்ந்து வெடித்துவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது. வீட்டுப் பட்டறைக் காற்றில் வெடிக்கிற அளவுக்குத் தூள் சேர்வது அரிது, கையில் சுருக்கென்று ஷாக் அடிக்கும், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து ஆங்கிள் கிரைண்டர் பொறி. இரும்பு தேய்த்த பொறி மரத்தூள் பைக்குள் போனால் இரவு முழுக்கக் கனன்று விடிகாலையில் பற்றிக்கொள்ளும். இரும்பு வேலைக்கும் மர வேலைக்கும் ஒரே மிஷின் வேண்டாம்.

தூளைப் பிடிப்பதைவிடத் தூளே கிளம்பாமல் பார்த்துக்கொள்வது மலிவு. இழைப்புளி சுருளைத்தான் உதிர்க்கிறது. அந்தச் சுருள் காலடியில் விழும், காற்றில் ஏறாது. கடைசி மெருகுக்கு இழைப்புளியையும் ஸ்கிரேப்பரையும் பழகிக்கொண்டால் உப்புத்தாளின் வேலை பாதியாகக் குறையும். சத்தமும் இல்லை என்பதால் ராத்திரி ஒன்பது மணிக்கும் வேலை செய்யலாம்.

உங்களில் பலர் பெரிய வேலை வந்தால் தச்சர் ஒருவரைக் கூப்பிடுகிறீர்கள். உங்கள் ஹாலிலேயே மார்பிள் கட்டரைப் போட்டு அறுத்துக்கொண்டிருப்பார், மூக்கில் துண்டு. நீங்கள் வருடத்தில் சுவாசிப்பதை அவர் வாரத்தில் சுவாசித்துவிடுவார். என்95 பெட்டி ஒன்றை அவர் கையில் கொடுங்கள், உங்கள் சர்க்குலர் சாவையும் வேக்குவத்தையும் அந்த வேலைக்கு இரவல் கொடுங்கள். "இதெல்லாம் நமக்கு எதுக்கு சார்" என்று சிரிப்பார். நுரையீரலைப் பற்றிப் பேசாதீர்கள். ஹோஸை மாட்டி ஒரு பலகையை அறுக்கச் சொல்லுங்கள். தூள் மூடாமல் பென்சில் கோடு கடைசி வரை தெரிவதைப் பார்த்த பிறகு அவரே அடுத்த நாள் ஹோஸ் எங்கே என்று கேட்பார்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு கொட்டகைக்காரன்